வாணி பச்சை

இஷ்ரத் என்ற பெயரை வாணி முதல்முதலாகக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணின் வயது, படித்த காலேஜ், கிள்ளானில் அவள் அப்பா நடத்தும் துணிக்கடை, அவள் வளர்க்கும் பூனையின் பெயர் வரை வாணிக்கு அத்துப்படி. கல்யாண வீடியோ கேட்டு வருகிறவர்களின் வாட்ஸ்அப்புக்குப் பதில் போட நான்கு நாள் எடுத்துக்கொள்பவள்தான் இவள். பொறாமை வந்துவிட்டால் மட்டும் எங்கிருந்தோ ஒரு சுறுசுறுப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது.

செய்தியை அனுப்பியது டைரக்டர் குகன். எழுத சோம்பேறித்தனம், எல்லாவற்றையும் குரல் பதிவாகத்தான் அனுப்புவார்.

"வாணி, நல்ல நியூஸ். நம்ம கொமுட்டர் படம் ஃபோர்-கே டிஸ்க்கா வருது. யூரோப்ல ஒரு சின்ன கம்பெனி, பழைய படமா தேடிப் புடிச்சுப் போடுறவங்க. நெகட்டிவ் பேங்காக்ல ஒரு லேப்ல பத்திரமா இருந்துச்சு. கலர் எல்லாம் இஷ்ரத்னு ஒரு பொண்ணு பண்றா. கெட்டிக்காரி லா அவ. நீ ஒரு நாள் வந்து பாரு."

வந்து பாருவாம்! வாணி அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். பிள்ளை பெற்றவளை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டுமா? பெற்றவளே இவள்தானே.

‘கடைசி கொமுட்டர்’ குகன் எடுத்து 2003இல் வந்த படம். செந்தூலிலிருந்து போர்ட் கிள்ளான் போகும் கடைசி கொமுட்டர் ரயிலில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு காவலாளியின் கதை. தியேட்டரில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. பிறகு விசிடியாக வந்து வீடு வீடாகப் போனது. பார்த்தவர்கள் பாதிப் பேருக்குக் கதை மறந்துவிட்டது. நிறம் மட்டும் மறக்கவில்லை. ரயில் பெட்டிக்குள், நடைமேடையில், காவலாளியின் கண்ணுக்குக் கீழே என்று எங்கு பார்த்தாலும் ஒரு பச்சை. அந்தப் பச்சையைப் போட்டவள் வாணி. எடுத்து முடித்த படத்துக்கு நிறத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு முகம் கொடுப்பது அவளுடைய தொழில். இங்கே இருக்கும் சினிமாப் பைத்தியங்களுக்குள் அதற்கு ‘வாணி பச்சை’ என்றே ஒரு பெயர் உண்டு.

இன்றைக்கு அவளுக்கு பிரிக்பீல்ட்ஸில், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை. வருவதெல்லாம் கல்யாண வீடியோ. மணப்பெண்கள் எல்லோரும் பிறந்த நிறத்தைவிட வெளுப்பாக வேண்டும் என்பார்கள், இவளும் வெளுத்துக் கொடுப்பாள். எப்போதாவது யாராவது, "அக்கா, நீங்கதானே அந்த கொமுட்டர் படத்துக்குக் கலர் பண்ணுனது?" என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு முழுவதும் அவள் கால் தரையில் பாவாது. "நீங்க பார்த்தது விசிடி. என்னோட உண்மையான பச்சைய யாருமே பார்த்தது இல்ல" என்பாள்.

அது பெருமைக்குச் சொன்னதல்ல, நிஜம்தான். அவள் போட்டது நிழலுக்குள் மட்டும் உட்கார்ந்திருந்த பச்சை. தியேட்டர் பிரிண்டிலேயே அது கலங்கிப்போனது; விசிடியில் அமுக்கியபோது இன்னும் வெளியே வழிந்து, முகம், சட்டை, சோறு எல்லாவற்றின்மேலும் பாசி மாதிரி படர்ந்துவிட்டது. அந்தக் காலத்து டிவிகளும் அதற்குத் தோதாகத்தான் இருந்தன. இப்போது வரப்போகும் டிஸ்க் இருட்டை இருட்டாகவும் விளக்கை விளக்காகவும் காட்டுமாம். அவள் இருபது வருஷமாகக் காத்திருந்த சாதனம் கடைசியில் வந்தே விட்டது. அதில் பச்சை போடப்போவது இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி. படம் வந்தபோது அவளுக்குப் பால் பல்கூட முழுசாக விழுந்திருக்காது!

சனிக்கிழமை கிராப் டாக்சி பிடித்து அம்பாங்கில் இருக்கும் இஷ்ரத்தின் ஸ்டூடியோவுக்குப் போனாள். வேண்டுமென்றே பச்சைக் குர்தா போட்டுக்கொண்டாள். வழி நெடுக மனசுக்குள் ஒத்திகை. ‘இந்தப் படத்துக்கு ஏற்கெனவே ஒரு கலர் இருக்கு. அது டைரக்டர் கேட்ட கலர். புது டிஸ்க் வந்துச்சுன்னு உன் இஷ்டத்துக்கு மாத்த நீ யாரு?’ கடைசிக் கேள்வியை எவ்வளவு சத்தமாகக் கேட்பது என்பது மட்டும்தான் முடிவாகவில்லை.

கதவைத் திறந்தது இஷ்ரத்தான். தலையில் சாம்பல் நிறத் துடோங் முக்காடு, காலில் விளையாட்டுச் சப்பாத்து. ‘ஆன்டி’ என்று கூப்பிடுவாள், அங்கேயே ஒரு வெட்டு வெட்டலாம் என்று வாணி தயாராக வந்திருந்தாள்.

"வாணி அக்கா! மெய்யாவே வந்துட்டீங்களா? வாங்க, வாங்க. பாலும் சீனியும் போடாத கோப்பி ஓதானே குடிப்பீங்க? குகன் சார்கிட்ட கேட்டு வாங்கி வச்சிருக்கேன்."

தயாரித்து வைத்த கோபம் வீணாகப் போனது. நல்லவளாக இருப்பதும் ஒருவகைத் திமிர்தான் என்று வாணிக்குத் தோன்றியது. கோப்பியை வாங்கிக்கொண்டாள். சரியான சூட்டில் வேறு இருந்து தொலைத்தது.

உள்ளே குகன் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தார். தொப்பை போட்டுவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வா வாணி, உக்காரு. இஷ், அந்த லைட்ட கொஞ்சம் கம்மி பண்ணு."

இஷ்! இத்தனை வருஷத்தில் வாணியை அவர் ஒரு தடவைகூடச் சுருக்கிக் கூப்பிட்டது கிடையாது. வாணியில் சுருக்குவதற்கு ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். சுவரை அடைத்துக்கொண்டு பெரிய திரை, அதன் முன்னால் நல்ல நாற்காலி, மேசையில் வாணி விளம்பரங்களில் மட்டுமே பார்த்திருந்த கருவி. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன் மாடி அறையில் ஒழுகும் ஏர்கோன் ஞாபகத்துக்கு வந்தது.

"அக்கா, உங்கள வரச் சொல்லி சார நச்சரிச்சதே நான்தான்" என்றாள் இஷ்ரத். "எனக்கு உங்க ஹெல்ப் வேணும். சார் அந்தப் பச்சை வேணாங்கிறாரு."

வாணிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. குகனைப் பார்த்தாள்.

"ஆமா, வேணாம்" என்றார் குகன். "நெகட்டிவ்ல என்ன இருக்கோ அது அப்படியே போகட்டும். அப்பதான் டிவி சரியில்ல. இப்ப எல்லாம் தெரியுதுல்ல?"

"பச்சை இல்லன்னா அது கொமுட்டரே இல்ல சார்." இஷ்ரத்தின் குரல் உயர்ந்தது. இந்தச் சண்டை பல நாளாக நடக்கிறது என்று தெரிந்தது. "அக்கா, எங்க அத்தா கடையில துணி மூட்டை மேல உக்காந்து அந்த விசிடிய தேயத் தேயப் பார்த்திருக்கேன். நான் இந்த வேலைக்கு வந்ததே உங்களாலதான். கம்பெனிக்காரங்க ஒண்ணே ஒண்ணுதான் சொல்றாங்க. டைரக்டர் மனசுல என்ன இருந்துச்சோ அதுதான் டிஸ்க்ல வரணும். அப்ப சார்தான் பச்சை கேட்டாருன்னா, இப்ப மனசு மாறிட்டாருன்னு சொல்லி நான் அவங்ககிட்ட ஃபைட் பண்ணலாம். அப்ப சார் உங்ககிட்ட என்ன சொன்னாரு? அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

யாரை வெட்டிப் போட வந்தாளோ அவளே இவள் பக்கம் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறாள். ஒத்திகை பார்த்த பேச்சு இனி உதவாது. ஆனாலும் வாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதானே இவ்வளவு காலம் இருந்தாள்.

"அண்ணே அப்ப கிள்ளான்ல கடைசி சீன் எடுத்துக்கிட்டு இருந்தாரு. ஷூட்டிங்லேருந்து போன் பண்ணாரு, பின்னாடி ஒரே ரயில் சத்தம். நான் கேட்டேன், ‘படம் என்ன மாதிரி வேணும் அண்ணே?’ன்னு. ‘வாணி, படம் பச்சையா இருக்கணும்’னாரு. அவ்வளவுதான், வச்சிட்டாரு. நான் மறுநாளே ஆரம்பிச்சிட்டேன்."

குகன் சோபாவிலிருந்து காலைக் கீழே இறக்கினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பானது.

"அட வாணி! பச்சையான்னா பச்சைக் கலரா? பச்சையா லா! மேக்கப் இல்லாம, ஜோடனை இல்லாம, உள்ளத உள்ளபடி! பச்சைத் தண்ணி குடுங்கன்னு கேட்டா, கலர் பௌடரக் கலக்கியா குடுப்பே?"

வாணிக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாராவது முகத்துக்கு நேரே பேசினால், ‘என்ன இப்படிப் பச்சையாகப் பேசுகிறாய்’ என்று அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். மேலே போட்டிருந்த பச்சைக் குர்தா இப்போது அவளுக்கே கண்ணை உறுத்தியது.

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?" என்றாள்.

"நானே ஃபர்ஸ்ட் ஷோவுலதான் பார்த்தேன். என்னடா இது, குளத்துல விழுந்த மாதிரி இருக்குன்னு ஆயிருச்சு. உன்னத் திட்டணும்னுதான் வெளிய வந்தேன். வந்தா நாலு பேரு கையப் புடிச்சிக்கிட்டு அந்தப் பச்சை, அந்தப் பச்சைங்கிறான். பேப்பர்ல ஒருத்தன் அரைப் பக்கம் எழுதுறான், செம்பனைத் தோட்டத்த விட்டு டவுனுக்கு வந்தாலும் அந்த மரத்துப் பச்சை நம்மள விடலன்னு. நான் என்ன சொல்றது? ஆமான்னேன்."

"எல்லா மேடையிலயும் ஆமான்னீங்க."

"ஆமா லா" என்றார் குகன், கூச்சமே இல்லாமல்.

அவர் தன் விருப்பப்படி ஆக்கிவைத்திருந்த படத்தைக் கொஞ்சம் ஓடவிடச் சொன்னார். காவலாளி ரயிலில் உட்கார்ந்திருக்கிறான். கன்னத்தில் அம்மைத் தழும்பு, காலரில் வியர்வைக் கறை, குழல்விளக்கு வெளிச்சத்தில் களைத்துப்போன ஒரு சாதாரண முகம். வாணி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் கேட்டது இதைத்தான், கேட்டதில் தப்பில்லை, இதுவும் நல்ல படம்தான். இவள் போட்டது அவர் கேட்காத இன்னொரு படம். அவர் சிரித்தது கூடப் பெரிதாக வலிக்கவில்லை. தன் வாயாலேயே சாட்சி சொல்லி மூக்கை உடைத்துக்கொண்டதை அந்தப் பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே, அதுதான் வலித்தது. இஷ்ரத் சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் திட்டவாவது ஒரு சாக்கு கிடைத்திருக்கும்.

"சரி சார், ஃபர்ஸ்ட் டிஸ்க் உங்க இஷ்டம்" என்றாள் இஷ்ரத் மெதுவாக. "ஆனா ரெண்டாவதா ஒரு டிஸ்க் போடுறதுக்குக் கம்பெனி ஓகே சொல்லிட்டாங்க. படத்துக்கு அப்ப என்ன கலர் போட்டாங்களோ அந்தக் கலர்ல. ஒரே ஒரு கண்டிஷன், அப்ப கலர் போட்டவங்க பார்த்து ஒத்துக்கணும். அக்கா வேணாம்னா அது கிடையாது."

"எனக்கு ஒண்ணும் இல்ல, போடுங்க" என்றார் குகன்.

"பழைய மாஸ்டர் டேப் பூஞ்சை புடிச்சுப் போயிருச்சுக்கா. அதனால நெகட்டிவ்லேருந்து நானே புதுசாப் போட்டுப் பார்த்தேன். தப்பா இருந்தா திட்டுங்க."

அதே காட்சிதான். தெலுக் பூலாய் ஸ்டேஷன் தாண்டி ரயில் போகிறது, பெட்டியில் காவலாளியைத் தவிர யாரும் இல்லை. பச்சை இருந்தது. இருக்கைக்கு அடியில் இருந்தது, சட்டை மடிப்பில் இருந்தது, கண்ணுக்குக் கீழே கொஞ்சம் தேங்கியிருந்தது. முகம் முகத்தின் நிறத்திலேயே இருந்தது. மடியில் பிரித்து வைத்த பொட்டலத்தில் சோறு வெள்ளை வெளேரென்று இருந்தது. வெளியே ஒரு விளக்குக் கம்பம் கடக்கும்போது நிழல் நகர்ந்தது, அதோடு பச்சையும் நகர்ந்தது.

இதுதான். எந்தத் திரையிலும் வராமல் அவள் தலைக்குள்ளேயே கிடந்த பச்சை இதுதான்.

"நீ விசிடிதானே பார்த்தே? அதுல இது கிடையாதே" என்றாள்.

"விசிடியில கெட்டுப்போயிருச்சுன்னு தெரியும்கா. கெடுறதுக்கு முன்னாடி எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சேன். இந்தப் பச்சையப் போட்டவங்க அந்த ஆளோட முகத்தக் கெடுத்திருக்க மாட்டாங்கன்னு தோணுச்சு."

அதுவரை வாணியிடம் இருந்தது வெறும் எரிச்சல். பொறாமை என்றால் என்ன என்று இப்போதுதான் தெரிந்தது. இந்தப் பெண் சொதப்பியிருந்தால் வாணி அவளைக் கட்டிப்பிடித்து, பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்திக் கொடுத்திருப்பாள். இவள் சொதப்பவில்லை. வாணியின் மண்டைக்குள் போய் அவளுடைய சொந்தப் பொருளை எடுத்து வந்து, துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறாள். அதுவும் வாணியால் முடியாத அளவுக்குப் பளிச்சென்று.

"அக்கா, இதுதானே நீங்க நெனச்ச பச்சை?"

"இல்ல" என்றாள் வாணி.

சொல்லிவிட்ட பிறகுதான், என்ன சொன்னோம் என்றே அவளுக்கு உறைத்தது. இனி பின்வாங்க முடியாது. "ஆழம் பத்தல. கொஞ்சம்... சூடா இருக்கு" என்றாள். மணப்பெண்ணின் சித்திமார் நை நை என்று குடையும்போது வாயை அடைக்க இவள் வைத்திருந்த வார்த்தைகள் அவை. ஒரு அர்த்தமும் கிடையாது.

இஷ்ரத்தின் முகம் வாடிப்போனது. எழுந்து நாற்காலியைத் திருப்பி வாணியின் பக்கம் வைத்தாள்.

"அப்ப நீங்க உக்காருங்கக்கா. உங்க கையால போட்டுக் காட்டுங்க. எனக்கு உங்க பச்சைதான் வேணும், நான் போட்டது வேணாம்."

வாணி உட்கார்ந்தாள். மேசையில் மூன்று உருண்டைகள், உருட்டினால் நிறம் மாறும். முதலில் இஷ்ரத் போட்ட எல்லாவற்றையும் அழித்தாள். அழிப்பதில் ஒரு சுகம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. திரையில் வெறும் நெகட்டிவ் நின்றது. இதிலிருந்து வேறு ஒரு பச்சையைக் கொண்டுவர வேண்டும், அந்தப் பெண் போட்டதைவிட நல்ல பச்சையை.

கூட்டினாள். காவலாளிக்கு மஞ்சள்காமாலை வந்த மாதிரி ஆனது. குறைத்தாள், பிணம் மாதிரி ஆனான். நீலத்தின் பக்கம் தள்ளிப் பார்த்தாள், ரயில் ஆஸ்பத்திரி வார்டாகிவிட்டது. ச்சீ என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். எப்போது என்று சொல்ல முடியாது, நடுவில் எங்கோ அவளுக்குப் பொறாமை மறந்துபோனது. பக்கத்தில் நிற்பவளையும் மறந்துவிட்டாள், குகனின் இருமலும் காதில் விழவில்லை. இருக்கைக்கு அடியில் கொஞ்சம், மடிப்பில் கொஞ்சம், கண்ணுக்குக் கீழே தொட்டும் தொடாமலும். முகத்தில் கை வைக்கவே இல்லை. கடைசியில் உருண்டையிலிருந்து விரலை எடுத்தாள்.

"இப்ப பாரு" என்றாள்.

இஷ்ரத் குனிந்து ஏதோ தட்டினாள். திரை நடுவில் இரண்டாகப் பிரிந்தது. இடது பாதியில் தான் முன்பே சேமித்து வைத்திருந்தது, வலது பாதியில் வாணி போட்டது என்றாள். பிரிக்கும் கோடு காவலாளியின் நெற்றி நடுவே போயிருக்க வேண்டும். கோட்டைக் காணோம். இஷ்ரத் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். வாணியும் எழுந்து போய்ப் பார்த்தாள். அந்தப் பாதியும் இந்தப் பாதியும் ஒரே நெற்றி, ஒரே பச்சை. இரண்டு பேரும் இல்லாத கோட்டைத் தேடிக்கொண்டு நின்றார்கள்.

பின்னாலிருந்து குகன் கை தட்டினார். நிற விஷயத்தில் அவருக்குக் கண்ணும் கிடையாது, அது இல்லையே என்ற கவலையும் கிடையாது.

"ஆ! இப்ப பாரு! அந்த லெஃப்ட் சைடு என்னமோ சப்புன்னு இருந்துச்சு. வாணி போட்டது எவ்வளவு டீப்பா இருக்கு! இஷ், கத்துக்க. எக்ஸ்பீரியன்ஸ்னா எக்ஸ்பீரியன்ஸ்தான் லா."

இருபது வருஷத்தில் குகன் அவள் வேலையை நேருக்கு நேராகப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை. வாணி மெதுவாக இஷ்ரத் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று கண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது. ஏளனமாக ஒரு பார்வை வரும் என்று எதிர்பார்த்தாள்.

"ஆமா சார்" என்றாள் இஷ்ரத். "அக்கா கை பட்டதும் மாறிருச்சு." போய் உட்கார்ந்து, ரெண்டாவது டிஸ்க்கில் நிறம் செய்தவர் பெயர் வர வேண்டிய இடத்தில் வாணியின் பெயரைத் தட்டினாள். தன் பெயரைத் தட்டவில்லை.

வாணி வந்த காரியம் முடிந்தது. பச்சை பிழைத்துக்கொண்டது, அவள் பெயரிலேயே பிழைத்துக்கொண்டது. ஒன்றும் பேசாமல் கோப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் போதும். அந்தப் பெண் இதை உயிர் போனாலும் யாரிடமும் சொல்லமாட்டாள், அதுவும் வாணிக்குத் தெரியும். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. திறமைதான் அவளிடம் இருக்கிறதென்றால் இந்தப் பெரிய மனசும் அவளுக்கே இருக்க வேண்டுமா? இதிலும் தோற்றுப்போக வாணி தயாராக இல்லை.

"பொய் சொல்லாத" என்றாள்.

"அக்கா..."

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே. அவ போட்டது முதல்லயே சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் இல்லன்னேன்."

குகன் திரையைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார். "ஏன்?"

"பொறாமை" என்றாள் வாணி. "வேற என்ன?"

இப்படி ஒரு பதிலுக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று குகனுக்குத் தெரியவில்லை. மணி ஒன்றாகிவிட்டதே, யாருக்கும் பசிக்கவில்லையா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாப்பாடு வாங்கி வர வெளியே போய்விட்டார்.

இஷ்ரத் விசைப்பலகையில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "அப்ப பேரு எப்படிக்கா போடுறது?"

"ரெண்டு பேரோட பேரையும் போடு."

"சரிக்கா. யாரு பேரு முதல்ல..."

"என் பேரு மேல" என்றாள் வாணி, அவள் கேட்டு முடிப்பதற்குள்.

இஷ்ரத் சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டினாள். இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கிறதா என்று வாணி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தன்னுடையது கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் அவளுக்கு ஆட்சேபணை இல்லை.